அறுந்துபோனதாகச் சொன்ன வார்

அந்தோணியின் வாயிலிருந்து அதிகமாக வந்த வார்த்தை எது என்று கேட்டால், ஆம்பூரில் அவரை அறிந்த யாரும் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். "சரி சாப்" என்பதுதான் அது.

ஐந்தாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டு, வாணியம்பாடியில் பச்சைத்தோல் ஏற்றும் லாரியில் கிளீனராக ஏறி, டிரைவரும் ஆனவர். உப்புப் போட்ட தோலின் நாற்றம் எட்டு வருஷம் அவர் சட்டையை விட்டுப் போகவில்லை. அதற்கப்புறம் கர்த்தர் கண் திறந்தார். ஆம்பூரில் தோல் ஷெட் வைத்திருந்த ஷபீ அஹமது சாயபு, வீட்டுக் காருக்கு நிதானமான டிரைவர் வேண்டும் என்று தேடினார். அந்தோணி போய் நின்றார். அது அறுபத்தெட்டாம் வருஷம். அன்றிலிருந்து பதினெட்டு வருஷமாக அந்த வீட்டு அம்பாசிடரில் ஒரு கோழியைக்கூட அவர் அடித்ததில்லை.

ஷெட்டுக்குப் பின்னால் வேலையாட்களுக்கென்று ஒரு வரிசை வீடு உண்டு. அதில் ஒரு வீட்டை முதலாளி அவருக்கு விட்டிருந்தார். மனைவி சூசையம்மா, பத்தாவது படிக்கும் மகள் ஜெயசீலி, சுவரில் ஒரு மாதா படம் என்று குடும்பம் அங்கேதான். சுவருக்கு அந்தப் பக்கம் கோதண்டபாணி வீடு. ஷெட்டில் தோல் வெட்டித் தைக்கும் மேஸ்திரி அவர். வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம்.

எண்பத்தாறாம் வருஷம் சாயபுவின் மகன் நயீம் அஹமது குடும்பத்தோடு ஜெர்மனியிலிருந்து திரும்பி வந்தார். தோல் வியாபாரம் பார்க்கப் போனவர், மூன்று வருஷம் அங்கே இருந்துவிட்டார். வரும்போது மனைவி ரஃபத் ஜஹானோடு, இரண்டு வயசுப் பிள்ளை அனீஸும் வந்தான். ஒரு பெரிய அட்டைப்பெட்டியும் வந்தது. பெட்டியைப் பிரித்தால் உள்ளே ஒரு குட்டி நாற்காலி. மெத்தை தைத்து, பட்டைகள் தொங்க, நடுவில் சிவப்பாக ஒரு பட்டன்.

கோதண்டபாணி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னாண்ணே இது, சிம்மாசனமா?"

"குழந்தையை இதுல உக்கார வெச்சுக் கட்டணுமாம்பா. கார்ல போறப்போ."

"கட்டணுமா? ரெண்டு வயசுல அது இன்னா தப்பு பண்ணுச்சு?"

நாற்காலியைக் காரில் பொருத்த வழியில்லை. அந்த ஊர்க் கார்களில் சீட்டுக்குச் சீட்டு பெல்ட் இருக்குமாம், அதிலேயே மாட்டிக்கொள்ளலாமாம். நம் அம்பாசிடரில் பெல்ட் என்ற பேச்சே கிடையாது. கோதண்டபாணிதான் அளவெடுத்தார். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பதனிட்ட எருமைத் தோலில், உறுதியான முதுகுப் பக்கமாகப் பார்த்து இரண்டு விரல் அகலத்துக்கு இரண்டு வார் வெட்டினார். மெழுகு நூலால் இரட்டைத் தையல் போட்டு, இரும்பு பக்கிள் வைத்து, பின்சீட்டு இடுக்கு வழியாக டிக்கிக்குள் கொண்டுபோய் போல்ட்டு முடுக்கினார். முடுக்குவதற்கு முன்னால் ஒரு வாரை ஷெட்டு உத்தரத்தில் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியே காட்டினார்.

"பாத்துக்க. என்னையே தாங்குது. அந்தப் பூனைக்குட்டியத் தாங்காதா?"

சாயங்காலம் நயீம் அந்தோணியைக் கூப்பிட்டனுப்பினார்.

"அந்த ஊர்ல பெல்ட் போடாம வண்டி எடுத்தா ஃபைன். சின்னப் பசங்களை முன்சீட்டுல உக்கார வெக்கவே கூடாது, சட்டம். தெரியுமா?"

"நம்ம ஊர்ல அப்படி ஒண்ணும் இல்லீங்களே சாப்" என்றார் அந்தோணி. பதினெட்டு வருஷத்தில் அவர் எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது.

"நம்ம ஊர்ல இல்ல. என் வண்டில இருக்கு. வண்டில யார் எங்க உக்காரணும்னு பாக்கறது டிரைவர் பொறுப்பு. அனீஸைக் கட்டாம வண்டி ஓடுச்சுன்னு தெரிஞ்சா, நீ வேற வேலை பாத்துக்க. வீட்டையும் காலி பண்ணிடு."

"சரி சாப்."

வியாழக்கிழமைதோறும் பெரியவர் ஷபீ சாயபு வேலூருக்குத் தங்கை வீட்டுக்குப் போவார். பேரன் வந்ததிலிருந்து அவனையும் அழைத்துப் போக ஆரம்பித்தார். முதல் வியாழன் நயீம் வாசலில் நின்று பார்க்க, அந்தோணி குழந்தையை நாற்காலியில் வைத்துக் கட்டினார். வண்டி தெருமுனை திரும்பவில்லை, அனீஸ் அழ ஆரம்பித்தான். மாதனூர் வருகிற வரைக்கும் அழுகை. பெரியவர் முன்சீட்டிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"நிறுத்து."

அந்தோணி ஓரமாக நிறுத்தினார்.

"அவுத்து எடு பிள்ளையை."

"சாப், சின்ன சாப் சொல்லியிருக்காரு…"

"அரே! கசாப்புக்குப் போற ஆட்டைத்தான் கட்டி வண்டில ஏத்துவாங்க. நாம என் பேரனை எங்க கொண்டு போறோம்? எடுடா."

"அவருக்குத் தெரிஞ்சா என் வேலை…"

"அவன் எனக்குப் பொறந்தானா, நான் அவனுக்குப் பொறந்தேனா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? அந்தோணியிடம் இருந்தது ஒரே பதில். அதையே சொன்னார். சிவப்புப் பட்டனைக் கட்டைவிரலால் அழுத்தி, பிள்ளையைத் தூக்கிப் பெரியவர் மடியில் வைத்தார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. வாசலில் கட்டுவது, மாதனூர் தாண்டி அவிழ்ப்பது, திரும்பும்போது அதே இடத்தில் பிஸ்கட் கொடுத்து மறுபடி கட்டுவது. பெரியவரைக் குற்றம் சொல்லவும் அந்தோணிக்கு மனசு வரவில்லை. அந்தப் பிள்ளைக்குத் தமிழும் தெரியாது, உருதுவும் இன்னும் சரியாக வராது. வீட்டில் தாத்தாவின் தாடியைக் கண்டாலே அம்மா முந்தானைக்குள் ஒளிவான். காரில்தான் அவர் மடியில் ஒட்டிக்கொண்டான். பெரியவர் ஜன்னல் வழியாக ஆட்டைக் காட்டி "பக்ரி" என்பார். அவன் "பக்கி" என்பான். அந்த மனுஷர் ஷெட்டுக்கே கேட்கிற மாதிரி சிரிப்பார். வாரத்தில் ஒருநாள் ஆண்டவன் கொடுத்த ஒரு மணி நேரம் அது.

சாயங்காலம் நயீம் கேட்பார்: "கட்டினியா?"

"கட்டினேன் சாப்."

பொய் இல்லை. கட்டியதைச் சொன்னார், அவிழ்த்ததைச் சொல்லவில்லை. பாதி உண்மையைச் சாத்தான்தான் அளந்து கொடுப்பான் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அந்தோணிக்கு அது தெரியாமலில்லை. கோவிலில் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்பார். தன் முறை வர இரண்டு பேர் இருக்கும்போது வெளியே வந்துவிடுவார். உள்ளே போய்ச் சொன்னால், சாமியார் "இனிமேல் செய்யாதே" என்பார். செய்யாமல் இருக்க அவரால் முடியாது. முடியாததை முடியும் என்று ஆண்டவன் சந்நிதியில் எப்படிச் சொல்வது?

"மூணு மாசமாச்சு நீங்க பூசையில நன்மை வாங்கி" என்று சூசையம்மா குத்திக் காட்டினாள்.

"டூட்டி இருக்குது, இன்னா பண்றது" என்றார்.

வியாழக்கிழமைகளில் வண்டி முப்பதைத் தாண்டவில்லை. "அந்தோணி, மாட்டுவண்டிக்காரன் நம்மளைப் பாத்து சிரிக்கறான்" என்பார் பெரியவர். மாதனூரிலிருந்து வேலூர் வரைக்கும் அந்தோணியின் கால் பிரேக்குப் பக்கமே நிற்கும்.

நவம்பர் மாசம், தூறல் விழுந்த ஒரு வியாழன். பள்ளிகொண்டாவுக்கு இந்தப் பக்கம் ஒரு சைக்கிள்காரர், கேரியரில் ஆவாரம்பட்டை மூட்டையோடு போய்க்கொண்டிருந்தார். ஈர ரோட்டில் மூட்டை ஒரு பக்கம் சாய, ஆள் நேராகக் காருக்கு முன்னால் விழுந்தார். அந்தோணி பிரேக்கை மிதித்தார். சைக்கிள்காரருக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது. ஆனால் பெரியவர் கையில் பிள்ளை இல்லை. முன்னால் டாஷ்போர்டு விளிம்பில் நெற்றி மோதிக் கீழே கிடந்தான். ஒரு கணம் சத்தமே இல்லை. அப்புறம்தான் வீறிட்டான். ரத்தம் பெரியவரின் வெள்ளைச் சட்டையெல்லாம்.

பள்ளிகொண்டாவில் ஒரு டாக்டர் மூன்று தையல் போட்டார். எலும்புக்கு ஒன்றுமில்லை, இன்று ராத்திரி மட்டும் கவனமாகப் பாருங்கள் என்றார். பிள்ளை அழுது களைத்துப் பெரியவர் தோளில் தூங்கிப்போனான். கிளினிக் வாசலில், காருக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நின்றார்கள்.

"நயீம் கேப்பான்."

"கேப்பாரு சாப்."

"என் மடில இருந்தான்னு தெரிஞ்சா, இனிமே பிள்ளையை எங்கிட்டக் குடுக்க மாட்டான்."

அந்தோணி பின்சீட்டிலிருந்த காலி நாற்காலியைப் பார்த்தார்.

"வார் அறுந்துடுச்சுன்னு சொல்லு. சீட்டோட முன்னாடி வந்து மோதிக்கிச்சுன்னு சொல்லு."

"சாப், அது கோதண்டபாணி தெச்ச வார்."

"தோல்தானே? அறும். நான் அவனைப் பாத்துக்கறேன். நீ அறு."

எதிர்ப் பெட்டிக்கடையில் அந்தோணி ஒரு பிளேடு வாங்கினார். பின்சீட்டில் குனிந்து வாரில் வைத்தார். தோல் அவ்வளவு உறுதி, நாலு தடவை இழுக்க வேண்டியிருந்தது. அறுத்த முனையை, தானாக அறுந்ததுபோல் தெரிய, ரோட்டோரக் கல்லில் தேய்த்தார். ஐம்பது வருஷம் தோலைத் தொட்டுப் பார்த்தே விலை சொன்ன பெரியவர், இந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

வீட்டு வாசலில் ரஃபத் ஜஹான் ஓடிவந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். "யா அல்லா, என் பச்சாவ இன்னா பண்ணீங்க!" என்று அவள் கத்தியது ஷெட்டு வரைக்கும் கேட்டது. நயீமின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"கட்டினியா?"

"கட்டினேன் சாப். வார்… அறுந்துடுச்சு."

அந்தோணி பெரியவரைப் பார்த்தார். அவர் கை கால் கழுவ உள்ளே போய்விட்டார்.

நயீம் வாரைப் பார்க்கக்கூட இல்லை. அந்தக் கோபத்தில் யாருக்குத்தான் பார்க்கத் தோன்றும்? கோதண்டபாணியைக் கூப்பிட்டு, நாலு பேர் பார்க்க வாசலிலேயே நிற்க வைத்தார்.

"முதுகுத் தோல் குடுத்தா, வயித்துத் தோல்ல தெச்சியா?"

"சாப், நான் அதுல தொங்கியே பாத்தேனே…"

"என் புள்ளை தலை ஒடஞ்சு வந்திருக்கான், தொங்கிப் பாத்தாராம்! சனிக்கிழமையோட நின்னுக்க."

மறுநாள் வெள்ளி. ஷெட்டுக்கு விடுமுறை. காலையில் அந்தோணி காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். டாஷ்போர்டில் ஒட்டின ரத்தத்தைத் துணி நனைத்துத் தேய்க்கும்போது கோதண்டபாணி வந்தார்.

"அண்ணே, அந்த வாரைக் குடு. பாக்கணும்."

மறைக்க முடியாது. டிக்கியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கோதண்டபாணி முனையைக் கட்டைவிரலால் தடவினார். வளைத்தார். வெளிச்சத்தில் பிடித்தார்.

"அறுந்த தோலு எப்படி இருக்கும்? நாரு நாரா பிரிஞ்சு, தேங்கா மட்டை மாதிரி தொங்கும். இது பிளேடு. நாலு வாட்டி போட்டிருக்கே. அப்புறம் கல்லுல தேச்சிருக்கே. தேச்சா நாரு வராதுண்ணே, தூள்தான் வரும்."

அந்தோணி கையில் ஈரத்துணி சொட்டிக்கொண்டிருந்தது.

"செவுத்துக்கு அந்தப் பக்கமே இருக்கேன். உம் பொண்ணு ஞானஸ்நானத்துக்கு நான்தான் பந்தல் போட்டேன். எம்மேல இன்னா கோவம் உனக்கு?"

"கோவம் இல்லப்பா."

"பின்ன யாரு அறுக்கச் சொன்னா?"

அந்தோணி குனிந்து மறுபடி டாஷ்போர்டைத் தேய்க்க ஆரம்பித்தார். கோதண்டபாணி நிமிர்ந்து பெரிய வீட்டு மாடி ஜன்னலைப் பார்த்தார். பெரியவர் அறை அது. மறுபடி அந்தோணியைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"சரிதான். இதைக் கொண்டு போய்க் காட்டினா, மொதலாளியைப் பொய்யன்னு சொன்னவன் ஆவேன். ஆம்பூர்ல எந்த ஷெட்டுலயும் சேக்க மாட்டான். காட்டாம போனா, வயித்துத் தோலுல வார் தெச்சவன் ஆவேன். அப்பவும் சேக்க மாட்டான்." ஒரு மாதிரி சிரித்தார். "நல்லாத்தான் கட்டிப் போட்டுட்டே என்னை. குழந்தைக்காவது அவுக்கறதுக்குச் செவப்பு பட்டன் கீது."

வாரை பானெட்டின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் அந்தோணி சூசையம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வாயைத் தொறக்காதீங்க. மார்ச்சுல புள்ளைக்குப் பரீட்சை. இந்த வீட்டை விட்டா எங்க போறது? பாத்துக்கறேன்னு பெரியவரே சொன்னாரில்ல, பாத்துக்கட்டும்."

"சனிக்கிழமை நாளைக்கு."

"அதுக்கு நாம இன்னா பண்றது?"

சுவருக்கு அந்தப் பக்கம் கோதண்டபாணி தன் பிள்ளைகளிடம் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது. அந்தோணி தட்டைத் தள்ளி வைத்தார். சட்டைப் பையிலிருந்த ஜெபமாலையைத் தொட்டுப் பார்த்தார். ஜெபம் வரவில்லை. வாயில் வந்ததெல்லாம் "ஆண்டவரே, எந்தப் பக்கம் போறது?" என்ற ஒன்றுதான். இந்தப் பக்கம் போனால் மகள் தெருவில் நிற்பாள். அந்தப் பக்கம் போனால் சுவருக்கப்பால் நாலு பேர் நிற்பார்கள். நடுவில் நிற்க இடமில்லை.

பள்ளிவாசல் தொழுகை முடிந்து முதலாளி வீட்டு ஆட்கள் திரும்பின பிறகு, கை கழுவிவிட்டு வாரை எடுத்துக்கொண்டு நடந்தார். சூசையம்மா வாசல் வரைக்கும் வந்து சட்டையைப் பிடித்தாள். அவர் அவள் விரல்களை மெதுவாகப் பிரித்துவிட்டுப் போனார்.

நயீம் ஆபீஸ் அறையில் இருந்தார். பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பது தாள் புரளும் சத்தத்தில் தெரிந்தது. அந்தோணி வாரை மேஜைமேல் வைத்தார். நயீம் அலட்சியமாக எடுத்தார். முனையைத் திருப்பினார். தோல் வீட்டுப் பிள்ளை அல்லவா, விரல் பட்டதுமே நிமிர்ந்தார்.

"இது அறுந்தது இல்லியே."

"அறுத்தது சாப். நான்தான் அறுத்தேன். கோதண்டபாணி தையல் நல்ல தையல்."

"அப்போ அனீஸ் எங்க இருந்தான்?"

"முன்சீட்டுல."

"யார் மடில?"

பக்கத்து அறையில் தாள் புரளும் சத்தம் நின்றது.

"யார் மடிலன்னு கேக்கறேன்."

"வண்டில யார் எங்க உக்காரணும்னு பாக்கறது டிரைவர் பொறுப்புன்னு நீங்கதானே சாப் சொன்னீங்க. நான் பாக்கலை."

நயீம் திறந்திருந்த கதவைப் பார்த்தார். அங்கிருந்து ஒரு இருமல் சத்தமாவது வரும் என்று அந்தோணிக்கு ஒரு நப்பாசை. வரவில்லை. உள்ளே ஒரு மனுஷர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. அவர்மேல் கோபம் வரவில்லை. நேற்றுவரை தானும் அப்படித்தானே உட்கார்ந்திருந்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

"கோதண்டபாணியை நாளைக்கு எப்பவும்போல வரச் சொல்லு" என்றார் நயீம் கடைசியில். "கார் சாவியை வெச்சிட்டுப் போ. பச்சைத்தோல் லாரிக்கு ஆள் இல்ல. அதை எடு. வீடு… உன் பொண்ணு பரீட்சை முடியட்டும். அதுக்கப்புறம் பாக்கலாம்."

சாவியை மேஜைமேல் வைக்கும்போது பதினெட்டு வருஷமும் சேர்ந்து கனத்தது.

திங்கட்கிழமை உப்புத்தோல் லாரியில் ஏறினார். பழைய நாற்றம், பழைய மாதிரியே சட்டையில் வந்து உட்கார்ந்தது. சூசையம்மா இரண்டு நாள் பேசவில்லை. கோதண்டபாணியும் ஒரு வாரம் பேசவில்லை. வேலை திரும்பிக் கிடைத்தது என்பதற்காக ஒருத்தன் செய்ததை மறந்துவிட முடியுமா? ஒருநாள் காலையில் மட்டும், "லாரி சீட்டு கிழிஞ்சு கீது, சாயங்காலம் வந்து தெச்சுத் தர்றேன்" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

டிசம்பரில் ஒரு வியாழன். ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். லாரியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார் அந்தோணி. பக்கத்தில் வந்து நின்றது அந்த அம்பாசிடர். ஸ்டியரிங்கில் புது ஆள். பின்சீட்டில் நாற்காலியில் கட்டப்பட்டு அனீஸ். முன்சீட்டில் யாரும் இல்லை. நாற்காலிக்கும் கதவுக்கும் நடுவிலே மிச்சமிருந்த இடத்தில், முழங்கால் மடங்க முடங்கி உட்கார்ந்திருந்தார் பெரியவர். பிள்ளை அவர் தாடியை இழுத்துக்கொண்டிருந்தான்.

பெரியவர் அண்ணாந்து லாரியைப் பார்த்தார். கண்ணாடியை இறக்கினார்.

"அந்தோணி."

"சாப்."

என்னவோ சொல்ல வந்தவர்போல வாய் அசைந்தது. தாடி பிள்ளை கையில் மாட்டிக்கொண்டிருந்ததால் தலையைத் திருப்பவும் முடியவில்லை.

"லாரிக்குப் பிரேக் பாத்தியா?"

"பாத்துட்டேன் சாப்."

பெரியவர் தலையசைத்தார். ரயில் வந்தது. சரக்கு ரயில், போகப் போக முடியவேயில்லை. அது போய் முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே, ஒருவரையொருவர் பார்க்காமல், கேட் திறப்பதற்காகக் காத்திருந்தார்கள்.